வாடாப் பூச்செடி: பருவச் செடியா, பல்லாண்டுச் செடியா?

நளன் கதை நம் வீடுகளில் எல்லோரும் கேட்டதுதான். தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் நளன் உருவத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நால்வர் தேவர்கள், ஒருவன் மனிதன். மனிதன் யார் என்று அவள் கண்டுகொண்ட அடையாளங்களில் ஒன்று, அவன் கழுத்து மாலை வாடியிருந்தது. தேவர்கள் அணிந்த மாலை வாடவில்லை. சமண புராணங்கள் இதற்கும் ஒரு படி மேலே போய்விடும். தேவலோகத்தில் பிறந்தவனுக்கும் ஆயுள் உண்டு, அது முடிய ஆறு மாதம் இருக்கும்போது அவன் மாலையும் வாட ஆரம்பிக்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறது. ஆக, பழையவர்கள் கணக்கில் வாடாத பூ பூலோகத்தில் இல்லை.

ஆனால் பூலோகத்திலும் வாடாத பூக்கள் சில இருக்கத்தான் செய்கின்றன. அவற்றில் ஒன்று நம்மவர்கள் வீட்டு பால்கனிகளில் வருஷா வருஷம் குளிர்காலத்தில் வந்து, ஏப்ரல் மாதம் குப்பைக் கூடைக்குப் போகிறது. பூ வாடுவதில்லை, செடியை நாம் எறிந்துவிடுகிறோம். அப்படி எறியப்படும் செடிகளில் பல உண்மையில் சாகாதவை. பல்லாண்டு வாழக்கூடிய ஒரு செடியைப் பருவச் செடி என்று பெயர் வைத்துப் பிடுங்கிப் போடும் இந்த வழக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நர்சரியில் இதற்கு ‘ஹெலிகிரைசம்’ என்று பெயர். சில இடங்களில் ‘எவர்லாஸ்டிங்’ என்பார்கள், சில இடங்களில் ‘பேப்பர் ஃபிளவர்’. தமிழில் நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. ‘காகிதப்பூ’ என்று கேட்டால் போகன்வில்லாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ‘வாடாமல்லி’ என்று கேட்டாலோ அது வேறு செடி. இந்த இரண்டாவது குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர் வாடாமல்லி, தாவர நூலார் கோம்ஃப்ரினா குளோபோசா என்று சொல்வது, உருண்டையாக, கருநீலமும் சிவப்பும் கலந்த நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில் பூக்கும். வங்காளிகள் அதைப் ‘போத்தாம் ஃபூல்’ என்று பொத்தான் பெயராலேயே சொல்கிறார்கள். மலையாளத்தில் நம் பெயரேதான். நேபாளிகளுக்கு அது ‘மக்மலி’. தீபாவளியை ஒட்டி வரும் பாய் டீக்கா அன்று சகோதரிகள் அந்தப் பூவை மாலையாகக் கட்டிச் சகோதரன் கழுத்தில் போடுவார்கள். வாடாத மாலை போல அவன் ஆயுளும் இருக்கட்டும் என்பது எண்ணம். நம் கோயில் மாலைகளிலும் அதற்கு நிரந்தர இடம் உண்டு. ஆனால் அது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த செடி, கீரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூத்து விதை விட்டால் ஓர் ஆண்டில் அதன் வேலை முடிந்தது. உதிர்ந்த விதை தானே முளைப்பதால் நமக்கு அது என்றும் இருப்பது போல் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஆக, வாடாமல்லியைப் பருவம் முடிந்ததும் எடுத்துவிடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஹெலிகிரைசம் சூரியகாந்திக் குடும்பம். சாமந்திக்குச் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். சாமந்தி போலவே அடுக்கடுக்காக இருக்கும், ஆனால் தொட்டால் ஓலைப்பெட்டியைத் தடவுவது போல் சரசரக்கும். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, ரோஜா நிறம், அடர்சிவப்பு எல்லாம் உண்டு. பூவின் மேல் அரக்கு பூசியது மாதிரி ஒரு மினுமினுப்பு. இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே கடற்கரை மணல்மேட்டிலிருந்து மலைச்சரிவு வரை ஏறக்குறைய கண்டம் முழுக்க வளர்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போனது. நெப்போலியனின் மனைவி ஜோசஃபின் பாரிஸ் அருகே மால்மெய்சோனில் வைத்திருந்த தோட்டத்தில் வளர்ந்த செடியைப் பார்த்து வென்டெனா என்ற பிரெஞ்சுக்காரர் 1803-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பிறகு 1850-களில் ஜெர்மனியில் எர்ஃபூர்ட் வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் அதைப் பெருக்கி, பெரிய அடுக்குப் பூவாகவும் பல நிறமாகவும் ஆக்கினார்கள். இன்று நாம் வாங்கும் விதைப் பாக்கெட்டுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். ஐரோப்பாவில் பனிக்காலம் கடுமை, வெளியில் விட்டால் செடி உறைந்து செத்துவிடும். அதனால் அவர்கள் அதை ஓராண்டுச் செடியாக நடத்தினார்கள். அந்தப் பழக்கம் விதைப் பாக்கெட்டின் பின்புறத்தில் அச்சாகி நமக்கும் வந்து சேர்ந்தது. பனியே பெய்யாத பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மானியரின் பனிக்குப் பயந்து செடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

பெயரையும் சொல்லிவிடுகிறேன். ‘ஹெலியோஸ்’ என்றால் கிரேக்கத்தில் சூரியன், ‘கிரைசோஸ்’ என்றால் பொன். 1990-ல் ட்ஸ்வெலெவ் என்ற ருஷ்ய அறிஞர் இதை ஹெலிகிரைசம் கூட்டத்திலிருந்து பிரித்து ஜெரோகிரைசம் என்று ஆக்கினார். ‘ஜெரோஸ்’ என்றால் உலர்ந்தது, ஆக ‘உலர்பொன்’. இன்றைய நூல்களில் ஜெரோகிரைசம் பிராக்டியேட்டம் என்றுதான் இருக்கும். நர்சரிக்காரருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஏன் வாடுவதில்லை?

நாம் இதழ் என்று நினைப்பது இதழே கிடையாது. நடுவில் மஞ்சள் வட்டமாகத் தெரிகிறதே, அதில்தான் நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. அவற்றைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்பவை பூவடிச் செதில்கள். மற்றப் பூக்களின் இதழில் நீர் நிறைந்திருக்கும், நீர் போனதும் துவளும். இந்தச் செதில்களில் ஆரம்பத்திலிருந்தே நீர் மிகக் குறைவு. பூ விரிந்து நிற்கும்போதே அந்தச் செதில்களின் உயிரணுக்கள் இறந்துவிட்டிருக்கும். கெட்டியான சுவர் மட்டும் நிற்கும். உலர்வதற்கு அதில் என்ன இருக்கிறது? ஆகவேதான் வாடுவதில்லை.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். நன்றாக விரிந்து காய்ந்த ஒரு பூவை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் முக்குங்கள். சில நிமிஷங்களில் செதில்கள் எழுந்து, உள்பக்கமாகக் குவிந்து, மொட்டு போல மூடிக்கொள்ளும். வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள், காய்ந்ததும் பழையபடி விரியும். பறித்து ஒரு வருஷம் ஆன பூவும் இதைச் செய்யும். செதிலின் அடிப்பகுதியில் வெளிப்புறம் ஈரம் பட்டால் அதிகம் விரிகிறது, உட்புறம் அவ்வளவு விரிவதில்லை. அதனால் உள்நோக்கி வளைகிறது. உயிர் இதில் சம்பந்தப்படவில்லை. மழைக்கால ஈரத்தில் மரக்கதவு இறுகிக்கொள்கிறதே, அந்த மாதிரி காரியம்தான். இப்படி மூடிக்கொள்வதால் மழை நாளில் நடுவில் உள்ள மகரந்தம் நனையாமல் தப்பிக்கிறது. பனி படர்ந்த காலையில் தொட்டியில் எல்லாப் பூவும் மூடியிருப்பதைப் பார்த்து, “செடிக்கு ஏதோ நோய் வந்துடுச்சு” என்று பயப்படுபவர்கள் உண்டு. பத்து மணி வெயில் வரட்டும், திறந்துவிடும். மும்பையில் ஜூலை மாதம் வரவேற்பறை ஜாடியில் வைத்த காய்ந்த பூக்கள் பாதி மூடிக் கிடப்பதற்கும் இதே காரணம்.

இந்த இடத்தில் நான் சார்ந்த மரபைக் கொஞ்சம் சொன்னால் பொறுத்துக்கொள்ள வேண்டும். செடிகொடிகளை ஓரறிவு உயிர் என்று எங்கள் நூல்கள் வகைப்படுத்தும். தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவில்தான் வைக்கிறது. (தொல்காப்பியர் சமணரா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை, அதற்கு மலரின் பக்கங்கள் போதாது.) உயிர் உள்ள பொருள் சசித்தம், உயிர் நீங்கியது அசித்தம். முளைக்கும் சக்தி இருந்தால் காய்ந்த தானியமும் சசித்தம்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் ஹெலிகிரைசம் விசித்திரமான பூ. செடியில் நிற்கும்போதே அதன் வண்ணப் பகுதி அசித்தம், நடு மஞ்சள் மட்டும் சசித்தம். பூஜைக்குரிய எட்டுப் பொருள்களில் மலரும் ஒன்று. வடநாட்டுத் திகம்பரர்களில் தேராபந்திகள் பச்சைப் பூவைப் பறிக்கக்கூடாது என்று மலருக்குப் பதிலாக மஞ்சள் நிறமேற்றிய அரிசியை வைப்பார்கள். “இந்தக் காய்ந்த பூவைச் சாத்தலாமா?” என்று என்னைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் வியாபாரி, பண்டிதன் இல்லை. அது அவரவர் கோயில் முறை. ஆனால் செடியைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் இல்லை. பூவில்தான் உயிர் குறைச்சல், செடியில் உயிர் ரொம்ப கெட்டி. பூ காய்ந்தது போல் இருப்பதைப் பார்த்துச் செடியே காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதுதான் வம்பு.

வளர்க்கும் முறை

விதையிலிருந்து தொடங்குவது மலிவு. எப்போது போடுவது என்பது ஊரைப் பொறுத்தது. தில்லி, ஜெய்ப்பூர், லக்னோ பக்கம் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதிக்குள் விதைத்துவிட வேண்டும். கொல்கத்தாவிலும் மும்பையிலும் மழை முழுக்க ஓய்ந்த பிறகு, அக்டோபருக்கு மேல். பெங்களூர், புனே, ஹைதராபாத் போன்ற மேட்டுநிலத்து ஊர்களில் செப்டம்பரிலேயே போடலாம். சிம்லா, டார்ஜிலிங், நம் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் குளிர் விடும் சமயம், பிப்ரவரி மார்ச்சில். விதைத்துச் சுமார் மூன்று மாதத்தில் முதல் பூ வரும்.

விதை எள்ளைவிடச் சிறியது. நம் வழக்கப்படி மண்ணைத் தோண்டி உள்ளே புதைத்தால் முளைக்காது, ஏனென்றால் இதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஈரமான மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி விட்டால் போதும். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். நான்கு இலை வந்ததும் பிரித்து நடலாம். தரையானால் ஓரடி இடைவெளி, தொட்டியானால் பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. ஆசைப்பட்டு மூன்று வைத்தால் மூன்றும் நோஞ்சானாகும். ஆறு அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விடும்.

விதை வாங்கும்போது உயரத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய நெட்டை வகைகள் மூன்றடி வரை போகும், காற்றில் சாயும், ஊன்றுகோல் வேண்டும். ஓரடியில் நிற்கும் குட்டை வகைகள் பால்கனிக்கு நல்லது. காய வைக்க நீளக் காம்பு வேண்டுமென்றால் நெட்டைதான். இன்னொன்று, விதைக் கலவைகள் ஓராண்டில் நிறையப் பூக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவை, பல்லாண்டு நிற்கும் குணம் அவற்றில் சற்றுக் குறைவு. தண்டுக் குச்சியிலிருந்து பெருக்கப்படும் வகைகள் அதிக காலம் நிற்கும். ஆஸ்திரேலியாவில் ‘டார்கன் ஹில் மோனார்க்’ என்று ஒரு பெயர்பெற்ற வகை உண்டு. குவீன்ஸ்லாந்து மலைப் பகுதியிலிருந்து 1960-களில் தோட்டத்துக்கு வந்தது, பெரிய பொன்மஞ்சள் பூ, பல்லாண்டு வகை. நம் நர்சரியில் அது கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் பூத்த செடியாக வாங்கும்போது, அடிப்பகுதியில் புதுத் துளிர் விடுகிற செடியாகப் பார்த்து எடுங்கள். ஒரே தண்டாக மேலே போய் உச்சியில் மட்டும் பூத்து நிற்கும் செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒரு மாதம் நம் வீட்டில் சோபிக்கும், பிறகு அதற்கு எழுந்திருக்க வழி இருக்காது.

மண்ணைப் பற்றி ஒரே விஷயம்தான், தண்ணீர் நிற்கக் கூடாது. தோட்டமண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மட்கிய சாண உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. நகரத்தில் வெறும் தென்னைநார்த் தூளில் செடி வைத்துக் கொடுக்கிறார்கள். நார்த்தூள் மேலே காய்ந்து தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்து நாம் ஊற்ற, உள்ளே வேர் அழுகும். வாங்கி வந்த ஒரு வாரத்தில் மாற்றி நட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டி மேல்.

வெயில் குறைந்தது ஐந்து மணி நேரம் வேண்டும். தண்ணீரை விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் காலையில் ஊற்றலாம். சாயங்காலம் ஊற்றினால் இரவெல்லாம் இலையும் பூவும் ஈரமாக நிற்கும், பூசணம் பிடிக்கும். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீடுகளில் சாப்பாடு கிடையாது, செடிக்கும் அதே விதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

உரம் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். ஆங்கிலத் தோட்டப் புத்தகங்கள் எதற்கெடுத்தாலும் எலும்புத்தூள் போடச் சொல்லும். இந்தச் செடி ஆஸ்திரேலியாவின் சத்துக் குறைந்த மண்ணில் வளர்ந்து பழகியது, எலும்புத்தூள் இல்லாமல் அதற்குக் குறை ஒன்றும் வராது. சத்து அதிகமானால் இலைதான் கொழுக்கும். நுனியில் அசுவினி அடைந்தால் நான் மருந்து அடிப்பதில்லை. அந்த நுனியை மட்டும் கிள்ளி, தள்ளி ஒரு களைச்செடியின் கீழே வைத்துவிடுவேன். நிறைய இருந்தால் வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலந்து தெளிப்பது எல்லோரும் செய்வதுதான். இலையின் மேல்புறம் வெளிறி, அடிப்புறம் வெள்ளைத் தூள் மாதிரி படர்ந்தால் அது அடிச்சாம்பல் நோய். காற்றோட்டம் இல்லாத நெருக்கத்தில் வரும். அந்த இலைகளை எடுத்துவிட்டு, தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஏப்ரலில் என்ன செய்வது?

இனிதான் முக்கியமான கட்டம். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை கொத்துக் கொத்தாகப் பூத்த செடி, வெயில் ஏறியதும் அலங்கோலமாகிவிடும். கீழ் இலைகள் பழுப்பாகித் தொங்கும், தண்டு குச்சியாகத் தெரியும், மேலே விதை பறந்துபோன வெற்றுப் பூக்கள். “போயிடுச்சு அங்கிள், தூக்கிப் போட்டுட்டோம்” என்று சொல்வார்கள். அடுத்த நவம்பரில் மறுபடி நர்சரி, மறுபடி பணம். நர்சரிக்காரருக்கு இதைவிட நல்ல வாடிக்கை உண்டா? வியாபாரத்தில் இருப்பவன் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன், வாங்குகிறவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தூக்கிப் போடும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, மண்ணை ஒட்டிய அடித்தண்டில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால்தான் முடிந்தது. இரண்டு, காய்ந்த இலைகளை ஒதுக்கிவிட்டு அடியில் பாருங்கள். கடுகளவு பச்சைத் துளிர்கள் தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அடுத்த ஆண்டுச் செடி.

துளிர் இருந்தால் அதற்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டுத் தண்டுகளை வெட்டிவிடுங்கள். கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும், நசுங்கினால் அங்கிருந்து அழுகும். ஒரு எச்சரிக்கை: இலையோ துளிரோ இல்லாத வெறும் கட்டைத் தண்டு வரை ஒட்ட வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. மல்லிகையை வெட்டுவது போல் இதை வெட்டக் கூடாது. அதனால்தான் ஏப்ரல் வரை காத்திராமல், பூ குறைய ஆரம்பிக்கும் மார்ச்சிலேயே, இலை பச்சையாக இருக்கும்போது கால்வாசி கால்வாசியாக இரண்டு மூன்று தவணையில் வெட்டிக்கொண்டு வருவது உத்தமம். பருவம் முழுக்க முற்றிய பூக்களை உடனுக்குடன் கிள்ளி வந்தால் செடி விதைக்குச் சத்தைக் கொட்டாமல் அடித்துளிருக்குக் கொடுக்கும்.

வெட்டியதை எறிய வேண்டாம். பூக்காத பக்கக் கிளைகளை மூன்று நான்கு அங்குலக் குச்சிகளாக எடுத்து, கீழ் இலைகளை நீக்கி, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மணலும் நார்த்தூளும் சமமாகக் கலந்த சின்னத் தொட்டியில் ஊன்றுங்கள். வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை என்ற இடத்தில் வைக்க வேண்டும். சிலர் ரோஜாக் குச்சிக்குச் செய்வது போல் மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்ப்பார்கள். இதன் இலையில் மெல்லிய சுணை உண்டு, ஈரம் அதில் தங்கி அழுகிவிடும், ஆகவே பை வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று தினம் இழுத்துப் பார்க்கும் அன்பர்கள் உண்டு, தயவுசெய்து கூடாது. நுனியில் புது இலை வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கோடையில் தாய்ச்செடிக்குக் காலை வெயில் மட்டும் போதும். கிழக்குப் பார்த்த பால்கனி இருப்பவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் பதினொரு மணிக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். வெட்டிய செடிக்கு இலை குறைவு, அதனால் தண்ணீர் தேவையும் குறைவு. “பாவம், வெயில் காலம்” என்று இரண்டு வேளை ஊற்றுவதில்தான் பல செடிகள் சாகின்றன. வெயிலில் செத்தது என்று நினைப்பவை பாதி, தண்ணீரில் செத்தவை. மழைக்காலத்தில் கூரை நீட்டத்துக்குக் கீழே, சாரல் படாத இடத்துக்குத் தொட்டி போக வேண்டும். தொட்டியின் அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி வைத்தால் துளை அடைபடாது. வேப்பம் பிண்ணாக்கு ஒரு பிடி மண்ணில் கலந்து விடலாம். செப்டம்பரில் மேல்மண்ணை மாற்றி, உரம் போட்டு, வெயிலுக்குக் கொண்டு வந்தால் விதைபோட்டவர்கள் செடியைவிட முன்னதாகவே பூக்கும்.

எல்லா ஊரிலும் இது ஒரே மாதிரி நடக்காது. பெங்களூர், மைசூர், புனே இங்கெல்லாம் கொஞ்சம் கவனம் இருந்தாலே தாண்டிவிடும். மலை ஊர்களிலும் சிரமம் இல்லை, கடும் உறைபனி இரவுகளில் மட்டும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும், லேசான பனியைத் தாங்கும். தில்லி மே மாத லூ காற்றில் வெளியில் விட்டால் பிழைப்பது கஷ்டம். அங்கே தாய்ச்செடியை நம்பாமல் ஐந்தாறு குச்சிகளாக வேர்பிடிக்க வைத்து, வெளிச்சம் உள்ள ஜன்னல் ஓரம் வீட்டுக்குள் கோடையைக் கழிக்கச் செய்வதுதான் வழி. எல்லாம் தங்காது, ஒன்று தங்கினாலும் அடுத்த ஆண்டுக்கு அது போதும். மும்பை, கொல்கத்தா மழையின் ஈரக்காற்றில் நான் உத்தரவாதம் தரமாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் குச்சியும் வையுங்கள், விதையும் எடுத்து வையுங்கள். பூ முற்றி, செதில்கள் பின்பக்கம் மடங்கி, நடுவில் பஞ்சு போல் எழும்பும். பறக்கும் முன் எடுத்துக் காயவைத்து, காகித உறையில் போட்டு, ஈரம் புகாத டப்பாவில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு உதவும். நிறம் மட்டும் தாயைப் போலவே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், கலந்து வரும். பிடித்த நிறம் அப்படியே வேண்டுமானால் குச்சிதான்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் அடித்தண்டு மரம் போல் முற்றி, பூ சிறுத்துப்போகும். அதற்குள் அதன் குச்சிகள் வேறு தொட்டியில் வளர்ந்திருக்க வேண்டும். ‘பல்லாண்டு’ என்பதற்கு இந்தச் செடியில் இதுதான் அர்த்தம். ஆலமரம் மாதிரி நூறு வருஷம் ஒரே இடத்தில் நிற்காது.

கடைசியாக, பூவைக் காய வைப்பது. எல்லோரும் நன்றாக விரிந்த பிறகு பறிப்பார்கள். அப்படிப் பறித்தால் காயும்போது இன்னும் விரிந்து, செதில் பின்னால் மடங்கி, நடுமஞ்சள் கறுத்து, பஞ்சு கொட்டும். வெளி அடுக்குச் செதில் இரண்டு மூன்று வரிசை பிரிந்து, நடு இன்னும் மூடியிருக்கும்போது, பனி உலர்ந்த காலை நேரத்தில் வெட்ட வேண்டும். மீதி விரிவு காயும்போது தானே நடக்கும். இலைகளை உருவிவிட்டு, ஏழெட்டுக் காம்புகளை ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். நூல் கட்டினால் காம்பு காய்ந்து சுருங்கியதும் உருவி விழும். வெயில் படாத, காற்றோடும் இடத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் காயும், நிறமும் சீக்கிரம் போகும்.

காம்பு மட்டும் பூ அளவுக்கு உறுதி கிடையாது, காய்ந்தால் கழுத்து ஒடியும். அதனால் ஜாடியில் வைக்க நினைக்கும் பூவைப் பறித்த உடனே, காம்பைக் குட்டையாக வெட்டி, மெல்லிய இரும்புக் கம்பியை அடியிலிருந்து பூவின் நடுவுக்குள் செருகிவிட வேண்டும். பூ காயும்போது சுருங்கிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். துருப்பிடிக்கும் கம்பியானால் இன்னும் நல்லது, துருவும் சேர்ந்து பிடிக்கும். தூத்துக்குடியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வெளிநாட்டுக்கு உலர்மலர்கள் கப்பலேறுவது பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சரக்கில் வெளுத்துச் சாயம் போட்ட பொருள்கள் நிறைய. ஹெலிகிரைசத்துக்குச் சாயம் வேண்டாம், தன் நிறமே நிற்கும். ஊட்டியில் காய்ந்த பூங்கொத்து வாங்கும்போது தண்ணீர் தொட்ட விரலால் செதிலைத் தேய்த்துப் பாருங்கள், விரலில் நிறம் ஒட்டினால் சாயம். வீட்டில் வைத்ததில் தூசி படிந்தால் துடைக்க வேண்டாம், மெல்லிய வண்ணத்தூரிகையால் தட்டிவிட்டால் போதும். ஜன்னல் வெயில் நேராகப் படாமல் வைத்தால் நிறம் இரண்டு மூன்று வருஷம் கண்ணுக்குக் குறையாமல் இருக்கும்.